மரியாவுக்கு மண்புழு: ஈக்வடார் மலைச்சரிவில் ஒரு விவசாயியின் பறவைத் தொழில்

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே ஈக்வடாரின் மிண்டோ என்ற மலையூர் விடுதிகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். காபி குடித்த வாயோடு ஏழெட்டு பேர் வேனில் ஏறுவார்கள். கழுத்தில் பைனாகுலர், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வேன் மலைப்பாதையில் ஏறி ஒரு பண்ணை வாசலில் நிற்கும். அங்கே கையில் டார்ச்சோடு ஒருவர் காத்திருப்பார். பேச்சு அதிகம் இருக்காது. அவர் முன்னே நடக்க, மற்றவர்கள் வழுக்கும் சேற்றுப் படிகளில் இறங்கி, மரக்கம்புகளால் கட்டிய மறைவிடத்துக்குள் நெருக்கியடித்து நிற்பார்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். பன்றி உறுமுவது மாதிரியும், துருப்பிடித்த கதவைத் திறப்பது மாதிரியும் ஒரு கூச்சல். அப்புறம் மெல்ல இலைகளுக்கு நடுவே ரத்தச் சிவப்பாக ஒன்று அசையும். பாறைச்சேவல்.

ஈக்வடாரின் வடமேற்கில், ஆண்டிஸ் மலையின் பசிபிக் பக்கச் சரிவில், பல ஆண்டுகளாக நடந்துவரும் காட்சி இது. பண்ணையின் சொந்தக்காரர் ஆன்ஹெல் பாஸ். இடத்தின் பெயர் 'ரெஃபூஹியோ பாஸ் தெ லாஸ் ஆவெஸ்'. 'பாஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் அமைதி. குடும்பப் பெயரே அதுதான் என்பதால், பறவைகளின் அமைதிக்கு ஓர் அடைக்கலம் என்றும் படிக்கலாம், பாஸ் வீட்டுப் பறவைகளின் அடைக்கலம் என்றும் படிக்கலாம். யார் யோசித்துவைத்த பெயரோ, நல்ல பெயர்.

வெப்பமண்டல அமெரிக்காவில் வழிகாட்டியோடு செல்லும் பறவைப் பயணங்கள் புதிய சங்கதி இல்லை. டிரினிடாடில் ஒரு பழைய தோட்டம் 1967லேயே இயற்கை மையமாக மாறியது. பனாமாவில் அமெரிக்க ராணுவம் கட்டிய ரேடார் கோபுரம் ஒன்று 1999ல் பறவை நோக்கர்களின் விடுதியானது. ஆனால் இவற்றை நடத்தியவர்களுக்குப் பணமோ, படிப்போ, வெளிநாட்டுத் தொடர்போ ஏதாவது ஒன்று முதலிலேயே கையில் இருந்தது. பாஸிடம் இருந்தது கொஞ்சம் காடும் ஒரு பழத் தோட்டமும்தான். அவருடைய கதை தனியாக ஆராயத் தக்கது என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுவே.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஆண்டிஸ் சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அதனால் வருடம் முழுக்க நனைந்தே கிடக்கும் காடு. மரக்கிளை ஒவ்வொன்றிலும் பாசி, பன்னம், ஆர்க்கிட். சோக்கோ என்று அழைக்கப்படும் இந்தப் பகுதிக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாத பறவைகள் பல இங்கே உண்டு. ஈக்வடார் சின்ன நாடு, ஆனாலும் அதன் பறவைக் கணக்கு 1,600 இனங்களைத் தாண்டும். தலைநகர் கீட்டோவின் விமான நிலையத்தில் இறங்கினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் இந்தச் சரிவுக்கு வந்துவிடலாம்.

அதனால் மிண்டோவுக்கு பாஸுக்கு முன்பே பறவை நோக்கர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். 1997ல் மிண்டோ பகுதி சர்வதேச அளவில் முக்கியப் பறவைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அமேசான் பக்கத்துக் கனரக எண்ணெயைக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் குழாயை இந்தக் காடு வழியாகப் போடத் திட்டம் வந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2003ல் குழாய் போட்டும் முடித்துவிட்டார்கள். அந்தச் சண்டையில் பறவைகள் தோற்றாலும், பறவை பார்க்க வருகிறவர்கள் காசோடு வருகிறார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. 2001ல் ஈக்வடார் பறவைகளுக்கு விரிவான களக் கையேடு ஒன்றும் வந்திருந்தது. நாடு 2000லேயே அமெரிக்க டாலருக்கு மாறியிருந்ததால், வருகிறவர் கொடுக்கும் நோட்டு அப்படியே மளிகைக் கடையில் செல்லும். ஒரு விவசாயிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் காட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்பது வேறு, அந்த மதிப்பு காட்டின் சொந்தக்காரர் பைக்கு வருவது வேறு. இந்தச் சரிவில் வழக்கமான கணக்கு எளிமையானது. மரத்தை வெட்டினால் ஒருமுறை காசு. வெட்டிய இடத்தில் புல் விட்டு மாடு மேய்த்தால் மாதாமாதம் காசு. காட்டை அப்படியே விட்டுவைத்தால் ஒன்றும் கிடையாது.

2005 வாக்கில் பாஸின் நிலத்தில் பாறைச்சேவல்கள் கூடும் ஆடுகளம் ஒன்று இருப்பது வெளியே தெரிந்தது. ஆடுகளம் என்றால், ஆண் பறவைகள் தினமும் ஒரே இடத்தில் கூடி, பெண் பறவை பார்க்கும்படி குதித்துக் கூச்சலிட்டுப் போட்டி போடும் இடம். மங்கிய பழுப்பு நிறப் பெண் பறவை வந்து ஒருவனைத் தேர்ந்துகொண்டு போய்விடும். கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் அவள் பாடு. ஆணுக்கு மறுநாளும் அதே குதியாட்டம். வருடக்கணக்கில் இடம் மாறாது என்பதால் வழிகாட்டிகளுக்கு இது வரப்பிரசாதம். சரி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று பாஸும் அவருடைய சகோதரரும் பாதை வெட்டத் தொடங்கினார்கள்.

அந்தப் பாதையில்தான் இன்னொரு பறவை வந்தது.

தெலுங்குப் பெயரோடு ஓர் ஆண்டிஸ் பறவை

பாதையில் வந்த அந்தப் பறவை ஓர் ஆன்ட்பிட்டா. பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 'ஆன்ட்' எறும்பு. 'பிட்டா' தெலுங்குச் சொல், சிறு பறவை என்று பொருள். நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவி இருக்கிறதே, அதன் குடும்பத்துக்கு ஆங்கிலேயர்கள் தெலுங்கிலிருந்து எடுத்து வைத்த பெயர் பிட்டா. தென் அமெரிக்காவில் அதே மாதிரி குட்டை வாலும் நெட்டைக் காலுமாகத் தரையில் தத்தும் பறவைகளைப் பார்த்தபோது அந்தப் பெயரையே முன்னால் எறும்பு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். இரண்டு குடும்பங்களுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆந்திரக் கிராமத்துச் சொல் ஒன்று ஆண்டிஸ் மேகக்காட்டில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆன்ட்பிட்டாக்களில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று ராட்சத ஆன்ட்பிட்டா. ராட்சத என்றதும் பயந்துவிட வேண்டாம், கால் மீட்டர் நீளம்தான். உருண்டை உடம்பு, சாம்பல் தலை, செம்பழுப்பு வயிற்றில் மெல்லிய கறுப்புக் கோடுகள். வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரிய மண்புழுக்கள்தான் இதற்கு முக்கிய உணவு. அழிவபாயப் பட்டியலில் 'பாதிக்கப்படக்கூடியது' என்ற நிலையில் இருக்கிறது.

எண்ணிக்கை குறைவு என்பதைவிட, பறவை நோக்கர்களை வாட்டியது அதன் குணம். புதர் அடியில் இருளில் நடக்கும். ஆள் அரவம் கேட்டால் உறைந்து நிற்கும் அல்லது சத்தமில்லாமல் நழுவும். குரல் மட்டும் கேட்கும். இந்தக் குடும்பத்துப் பறவைகளைத் தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் குறிப்பேட்டில் 'கேட்டது' என்று எழுதிக்கொண்டு திரும்பியவர்கள்.

அப்படிப்பட்ட பறவை, புதிதாக வெட்டிய பாதையில் இறங்கி வந்து, கிளறிய மண்ணிலிருந்து புழுவை இழுத்துத் தின்றதைப் பாஸ் பார்த்தார். அது எவ்வளவு அரிய பறவை என்று வந்துபோகும் பறவை ஆட்களிடமிருந்து தெரிந்துகொண்டதும், புழு தோண்டி அதன் பக்கம் போட ஆரம்பித்தார். பறவை முதலில் ஓடியது. அவர் விடவில்லை. நாள் தவறாமல் போய், போட்டு, ஒதுங்கி நின்றார். கடைசியில் அது எடுத்துத் தின்றது. பிறகு அவர் குரலுக்கே வரத் தொடங்கியது. அதற்கு மரியா என்று பெயர் வைத்தார்.

இதில் புழுவைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த 'நாள் தவறாமல்' பெரிதாகத் தெரிகிறது. மழை நிற்காத காட்டில், பயன் வரும் என்ற உறுதி எதுவும் இல்லாமல், ஒரு பறவைக்காக ஓர் ஆள் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பது என்பது ஆராய்ச்சியாளருக்கே கடினம். நிலத்திலேயே குடியிருக்கும் விவசாயிக்குத்தான் அது முடியும். மாட்டைப் பழக்கியவனுக்குப் பொறுமை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விற்றது என்ன

வெளிநாட்டிலிருந்து வரும் பறவைக் குழு பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கும். விமானச் செலவு, விடுதி, வேன், கூடவே வரும் வழிகாட்டி என்று ஒவ்வொருவரும் பெரிய தொகை கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் பட்டியலைத் திறந்து வைத்து, வழிகாட்டி பெயர் வாசிக்க, பார்த்தவர்கள் டிக் அடிப்பார்கள். நம் வீட்டில் கல்யாண மொய் எழுதுவது போன்ற கறாரான சடங்கு அது. அந்தப் பட்டியலில் ராட்சத ஆன்ட்பிட்டாவுக்கு எதிரே டிக் விழுமா என்பது அதுவரை அதிர்ஷ்டம். பாஸ் அந்த அதிர்ஷ்டத்தை ஏறக்குறைய நேரம் குறித்த சந்திப்பாக மாற்றினார். பறவை அங்கே முன்பும் இருந்தது. வந்தால் பார்க்கலாம் என்ற நிச்சயம்தான் புதிது. பயண நிறுவனங்கள் விலை கொடுத்தது அதற்காகத்தான்.

இன்னொரு வசதியும் கூடியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான் உதிக்கிறது. பாறைச்சேவலின் கடிகாரமும் வேன் ஓட்டுநரின் கடிகாரமும் மாதத்துக்கு மாதம் விலகுவதில்லை. பண்ணையோ கீட்டோ–மிண்டோ வழித்தடத்துக்குப் பக்கத்தில். விடியற்காலை சேவல், அப்புறம் மரியா, பத்து மணி வாக்கில் அடுத்த இடத்துக்குக் கிளம்பலாம் என்று எந்த நிறுவனத்தின் திட்டத்திலும் எளிதாகச் செருகிவிடலாம். இதே மரியா இருபது மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்திருந்தால் கதை இப்படிப் போயிருக்காது.

ஒன்றோடு பாஸ் நிற்கவில்லை. மஞ்சள் மார்பு ஆன்ட்பிட்டா ஒன்றைப் பழக்கினார், அது வில்லி. காவி மார்பு ஆன்ட்பிட்டா என்பது உள்ளங்கையில் அடங்கும் சின்ன உருண்டை. தலையை அசையாமல் வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் இடமும் வலமும் ஆட்டும். அதற்கு அவர் வைத்தது இடுப்பாட்டத்துக்குப் பேர்போன பாடகி ஷகீராவின் பெயர். பார்த்தவர்கள் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

புழு போடும் முறையைக் கிட்டத்தில் பார்த்தால் அதில் நாடகமும் நுட்பமும் கலந்திருக்கும். ஒரு டப்பாவில் புழுக்கள். பாதையோரத்தில், பறவை எங்கே வந்தால் எல்லோருக்கும் தெரியும் என்று கணக்குப் போட்ட இடத்தில் நாலைந்து துண்டுகளை வைப்பார். பிறகு புதரைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் குரலில், "வெங்கா, வெங்கா, மரியா". வா, வா என்று அர்த்தம். பின்னால் பதினைந்து பேர் மூச்சை அடக்கி நிற்பார்கள். இலை அசையும். ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிடுவார். சில சமயம் அரைமணி நேரம் இப்படியே போகும். திடீரென்று பாதை நடுவில், இவ்வளவு நேரம் அங்கேயே இருந்தது போல, பறவை நிற்கும்.

புழுவை அது உடனே விழுங்கினால் ஒன்று. விழுங்காமல் அலகில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு புதருக்குள் திரும்பினால் வேறு. உள்ளே கூட்டில் குஞ்சு இருக்கிறது. இது மாதிரி தினசரிப் பழக்கத்தால்தான், பார்க்கவே கிடைக்காத பறவைகளின் குடும்ப வாழ்க்கை பற்றிய தகவல்கள் வெளியே வரத் தொடங்கின.

பறவை முடிந்ததும் சாப்பாடு. குடும்பத்துப் பெண்கள் போலோன் தருவார்கள். வாழைக்காயை வேகவைத்து மசித்து, பாலாடைக்கட்டியோ கறியோ உள்ளே வைத்து உருட்டிப் பொரித்த பந்து. கூடவே எம்பனாடா, நம் சோமாசி மாதிரி ஒன்று. பக்கத்து மரத்தில் கட்டிவைத்த வாழைப்பழத்துக்கு டூக்கன் பார்பெட்டும் டானஜர்களும் வரும், சர்க்கரைத் தண்ணீருக்கு ஹம்மிங் பறவைகள் சண்டை போடும். சேற்றில் நான்கு மணி நேரம் நின்ற வெளிநாட்டவர் அந்தப் போலோனைப் பற்றிப் பறவைக்குச் சமமாக எழுதுகிறார்கள். கணக்காகப் பார்த்தால் இந்தச் சாப்பாட்டு மேசைதான் வழிகாட்டலை ஓர் ஆளின் வேலையிலிருந்து குடும்பத்தின் தொழிலாக மாற்றியது.

புழு கூலியா, லஞ்சமா

எதிர்ப்பும் வந்தது. வரவேண்டியதுதான்.

முதல் முணுமுணுப்பு தூய்மைவாதிகளுடையது. கூப்பிட்டால் வரும் பறவையைப் பார்ப்பது மிருகக்காட்சி சாலைக்குப் போவது போல, தேடிக் கண்டால்தான் பறவை நோக்கல் என்பது அவர்கள் வாதம். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காடு பூட்டப்படவில்லை, பறவைக்குச் சிறகு வெட்டப்படவில்லை. வர மனமில்லாத நாளில் அது வருவதில்லை. அப்படிப்பட்ட நாட்களும் அங்கே உண்டு.

இரண்டாவது கேள்வி கனமானது. புழு போடுவதால் பறவைக்கு என்ன ஆகிறது? தினமும் ஒரே நேரம் ஒரே இடத்தில் தோன்றும் பறவையை வேட்டை விலங்கும் கவனிக்கும். மனிதரைக் கண்டு ஓடாத பழக்கம், புழு டப்பா இல்லாத மனிதரிடமும் ஓடாமல் நிற்க வைக்கலாம். வெளியிலிருந்து கொண்டுவரும் புழுவோடு என்ன வருகிறது என்ற கேள்வியும் உண்டு. இவற்றை வீம்புக்குக் கேட்கும் கேள்விகள் என்று தள்ள முடியாது.

ஆனால் மாற்று என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வழிகாட்டிகள் நெடுங்காலமாகக் கையாளும் முறை, பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவது. தன் இடத்துக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நினைத்துப் பறவை பதறி வெளியே வரும். வந்தால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அதற்கு மிஞ்சுவது வீண் கோபம். ஒரே இடத்தில் தினமும் வெவ்வேறு குழுக்கள் இதையே செய்தால், சில நாளில் பறவை பதில் சொல்வதையே நிறுத்திவிடும். குரல் பதிவு ஏமாற்று, புழு கூலி என்பது என் கட்சி. கூலி வேலையிலும் சுரண்டல் நடக்கும் என்பது தெரிந்ததுதான். எத்தனை குழு, எவ்வளவு நேரம், கூடு இருக்கும் பருவத்தில் எவ்வளவு விலகல் என்று வரம்பு வைக்கிற ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே அந்த ஆளின் சோறே அந்தப் பறவையை நம்பி இருக்கிறது. இதைவிட நல்ல காவலாளியை எந்தத் துறை சம்பளம் கொடுத்து வைக்கும்?

பாஸின் முறை வேகமாகப் பரவியது. இன்று ஈக்வடாரிலும் கொலம்பியாவிலும் பெருவிலும் பல இடங்களில் ஆன்ட்பிட்டாக்களுக்குப் புழு போடுகிறார்கள். நாட்டின் தெற்குக் கோடியில் தபிச்சலாகா என்ற இடம். அங்கே 1997ல் அறிவியலுக்கே புதிதாக ஓர் ஆன்ட்பிட்டா அகப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் அதன் குரலை வைத்தே அழைத்துவந்த பெயரால் ஹொக்கோதொக்கோ. அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, நன்கொடை திரட்டி, நிலத்தை வாங்கிக் காப்பகமாக்கினார்கள். அங்கேயும் காவலர் கையால் புழு வாங்கித் தின்னப் பறவைகள் வருகின்றன. பறவையும் புழுவும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஏற்பாடு வேறு. அங்கே நிலம் அறக்கட்டளையுடையது, புழு போடுகிறவர் சம்பளக்காரர். இங்கே நிலமும் பறவையும் போலோனும் ஒரே குடும்பத்துடையவை. அழிவின் விளிம்பில் இருக்கும் ஒற்றைப் பறவைக்கு முதல் வழி தேவைப்படலாம். ஆனால் சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் துண்டு துண்டான தனியார் காடுகளை எல்லாம் எந்த அறக்கட்டளையும் வாங்கி முடிக்காது. அங்கே பாஸின் வழிதான் எடுபடும்.

எடுபடும் என்றேனே தவிர, எளிது என்று சொல்லவில்லை. புழுவை யாரும் தோண்டலாம், மாதக்கணக்கில் பலனில்லாமல் நிற்கிற ஆள் கிடைப்பதுதான் அரிது. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் ஆளுக்கொரு ஆன்ட்பிட்டாவைப் பழக்கிவிட்டால் பயண நிறுவனம் எதற்கு ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு வர வேண்டும் என்ற சிக்கலும் உண்டு. வாடிக்கையாளருக்கு ஒரு டிக் போதும்.

வருமானம் முழுக்க விமானத்தில் இறங்குகிறவர்களை நம்பியது என்பது பெரிய பலவீனம். 2020 மார்ச்சில் உலகமே கதவடைத்தபோது விமானங்கள் நின்றன. அது ஓய்ந்து ஆட்கள் திரும்பிய பிறகு, 2024 ஜனவரியில் குற்றக் கும்பல்களுக்கு எதிராக ஈக்வடார் அரசு உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. தொலைக்காட்சியில் துப்பாக்கியைப் பார்த்த வெளிநாட்டவருக்கு, கலவரம் நடந்த துறைமுக நகரம் எங்கே, மேகக்காட்டுப் பண்ணை எங்கே என்று வரைபடம் பார்க்கப் பொறுமை இருக்காது. பால் மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வாரமும் பால் காசு வந்திருக்கும்.

மரியா என்ற பெயரும் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. 2005ல் புழு வாங்கிய பறவைதான் இன்றும் வருகிறது என்று எதிர்பார்க்க முடியாது. காட்டுப் பறவையின் ஆயுள் அவ்வளவு நீளாது. ஒன்று போனால் அதன் குஞ்சோ, காலியான இடத்துக்கு வந்த புதியதோ புழுவைக் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொள்ளும்வரை யாராவது தினமும் போய் நிற்க வேண்டும். அதாவது முதல் மரியாவுக்குச் செய்த வேலையை மறுபடி முதலிலிருந்து. பார்வையாளர்கள் காசு கொடுத்து மறைவிடத்தில் நிற்பது சில மணி நேரம். அவர்கள் பார்க்காத இந்த வேலை எந்தக் கட்டண அட்டையிலும் இல்லை.

மறைவிடத்தில் இப்போது நன்றாக விடிந்துவிட்டது. பாறைச்சேவல்கள் ஒவ்வொன்றாக ஆடுகளத்தை விட்டுக் கலைகின்றன. டார்ச் வைத்திருந்தவர் அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, புழு டப்பாவை எடுத்துத் திறந்து பார்க்கிறார். பாதையில் பத்தடி போய் நின்று, புதரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கூப்பிடுகிறார். பின்னால் வந்தவர்கள் தாங்களாகவே பேச்சை நிறுத்துகிறார்கள்.